பைத்தான் நிரலை ரஸ்டுக்கு மாற்றுவது: படிகளும் பொறிகளும்

பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ரஸ்டுக்கு மாற்ற உட்காருபவர்கள் முதலில் பயப்படுவது கம்பைலருக்கு, அதாவது நிரலைச் சோதித்து இயந்திர மொழியாக்கும் கருவிக்கு. வரிக்கு வரி சண்டை பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கம்பைலர் காட்டிக்கொடுக்கும் பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை, அன்றைக்கே திருத்திவிடலாம். தலைவலி தருவது வேறொன்று. கம்பைலரும் சரி என்று விட்டுவிடும், நிரலும் ஓடும், 10,000 வரி உள்ளீட்டில் 3 வரிக்கு மட்டும் விடை மாறியிருக்கும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த 3 வரியைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன நிரலை வைத்துக்கொள்வோம். பதிவுக் கோப்பு ஒன்றைப் படிக்கிறது. ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயர், ஒரு காற்புள்ளி, அவர் எடுத்துக்கொண்ட நொடிகள். பெயர்வாரியாகக் கூட்டி, சராசரி கண்டு, அட்டவணையாக அச்சிடுகிறது. பைத்தானில் 40 வரி. இதற்குள்ளேயே ஏறக்குறைய எல்லாப் பொறிகளும் இருக்கின்றன. இரு மொழிப் பெயர்களையும் ஒலிப்புப்படியே எழுதுகிறோம்: ஐ64 என்றால் 64 பிட் முழு எண், எஃப்64 என்றால் 64 பிட் மிதவைப்புள்ளி எண்.

முதலில்: மாற்றத்தான் வேண்டுமா?

நிரல் மெதுவாக இருக்கிறது என்பதுதான் காரணம் என்றால், எங்கே மெதுவாக இருக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். பைத்தானோடு வரும், நேரம் அளக்கும் கருவியான சி-புரொஃபைல் போதும். நேரம் முழுக்க நெட்வொர்க்குக்கோ டேட்டாபேஸுக்கோ காத்திருப்பதில் போகிறது என்றால், ரஸ்டும் அதே நேரம் காத்திருக்கும். ஒரே ஒரு ஃபங்ஷன்தான் நேரத்தைத் தின்கிறது என்றால், அதை மட்டும் ரஸ்டில் எழுதி, பை-ஓ3 என்ற லைப்ரரி வழியாகப் பைத்தானிலிருந்தே கூப்பிடலாம். கட்டி முடிக்க மட்டூரின் என்ற கருவி இருக்கிறது. தரவைச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான பைடான்டிக் தன் 2-ஆம் பதிப்பில் சரிபார்ப்பு மையத்தை மட்டும் ரஸ்டுக்குக் கொண்டுபோனது இந்த வழியில்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். முழு நிரலையும் ஒரே மூச்சில் மாற்றப்போய், பாதியில் நின்று, இரண்டு மொழியிலும் அரைகுறையாகக் கிடப்பவை ஏராளம்.

படி 1: பழைய நிரலின் நடத்தையைப் பூட்டி வையுங்கள்

ரஸ்டில் ஒரு வரி எழுதும் முன்னால், பழைய நிரல் என்ன உள்ளீட்டுக்கு என்ன விடை தருகிறது என்று கோப்புகளாகச் சேமித்துவிட வேண்டும். இனிமேல் உங்களுக்கு அதுதான் அளவுகோல். எந்தப் பைத்தான் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஏன் என்று கூட்டல் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

வழக்கமான உள்ளீடு 2 போதும். வில்லங்கமான உள்ளீடுதான் நிறைய வேண்டும்: வெற்றுக் கோப்பு, நடுவில் வெற்று வரி, கடைசி வரியில் வரிமுறிவு இல்லாத கோப்பு, காற்புள்ளி இல்லாத வரி, இரண்டு காற்புள்ளி உள்ள வரி, எண்ணுக்கு முன்னும் பின்னும் இடைவெளி, எதிர்மறை எண், 20 இலக்க எண், தமிழில் எழுதிய பெயர். பழைய நிரல் இவற்றில் சிலவற்றுக்குப் பிழை எறியும். அந்தப் பிழையும் நடத்தைதான், அதையும் சேமியுங்கள்.

நிரலில் சமவாய்ப்பு எண்கள் இருந்தால் ஒரே விதையைக் கொடுத்து இரண்டு மொழியிலும் ஒரே வரிசையை எதிர்பார்க்காதீர்கள். பைத்தானின் ரேண்டம் மெர்சேன் ட்விஸ்டர் முறையில் இயங்குகிறது. ரஸ்டின் ரேண்ட் லைப்ரரி இயல்பாகத் தருவது வேறு முறை. பைத்தானில் பிறந்த எண்களை ஒரு கோப்பில் எழுதி, சோதனையின்போது ரஸ்ட் நிரல் அதைப் படிக்கும்படி செய்துவிடுவது எளிது.

ஒப்பிடும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 1.0 என்ற எண்ணைப் பைத்தான் 1.0 என்றே அச்சிடும். ரஸ்ட், வெறும் நெளிவு அடைப்புக்குறி போட்டால், 1 என்று அச்சிடும். எண்களை எண்களாகப் படித்து, இவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஓர் எல்லை வைத்து ஒப்பிடும் சிறு நிரலை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: பைத்தானிலேயே பாதி வேலையை முடியுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவதும் இதுதான். பைத்தான் நிரலில் எல்லா ஃபங்ஷனுக்கும் வகைக் குறிப்புகளைச் சேர்த்து, அவற்றைச் சரிபார்க்கும் மைபை கருவியைக் கண்டிப்பான முறையில் ஓட்டுங்கள். ஒரே மாறி ஓரிடத்தில் எண்ணாகவும் இன்னோரிடத்தில் சரமாகவும் இருப்பது, சில பாதைகளில் மட்டும் நன் என்ற வெறுமையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், யார் வேண்டுமானாலும் மாற்றும் குளோபல் மாறி எல்லாம் அப்போது வெளியே வரும். அவற்றைப் பைத்தானிலேயே சீர்செய்யுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு முதல் படியில் சேமித்த விடைகளோடு ஒப்பிடுங்கள்.

‘இஃப் எக்ஸ்’ என்று சுருக்கமாக எழுதிய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடியுங்கள். பைத்தானில் 0, வெற்றுச் சரம், வெற்று லிஸ்ட், நன் எல்லாமே பொய்தான். எழுதியவர் இவற்றில் எதை நினைத்து எழுதினார்? நன் இல்லையென்றால் என்று நினைத்திருப்பார். 0 வந்தபோதும் நிரல் நன் வந்ததுபோலவே நடந்திருக்கும். ரஸ்டில் இஃப்புக்குள் உண்மை, பொய் தவிர வேறெதுவும் போக முடியாது. எதைச் சோதிக்கிறோம் என்று அங்கே சொல்லியே ஆக வேண்டும். அதை இங்கேயே முடிவு செய்துவிட்டால் நல்லது.

இந்தக் கட்டத்தில் கை அரிக்கும்: அல்காரிதத்தையும் கொஞ்சம் மேம்படுத்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மொழியையும் வழிமுறையையும் சேர்த்து மாற்றினால், விடை பிசகும்போது குற்றவாளி எது என்று தெரியாது.

படி 3: தரவை முதலில், ஃபங்ஷனை அடியிலிருந்து

ரஸ்ட் பக்கம் வந்ததும் ஃபங்ஷன்களை எழுதத் தொடங்காதீர்கள். தரவின் வடிவத்தை முதலில் எழுதுங்கள். பைத்தானில் டிக்‌ஷனரியாகத் திரிந்தவற்றில் பாதி உண்மையில் ஸ்ட்ரக்ட், அதாவது நிலையான புலங்கள் கொண்ட தரவு வகை. எப்போதும் அதே 4 சாவிகள்தான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம் என்ற மதிப்புக்கு ஆப்ஷன். ‘வகை’ என்று ஒரு சரத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துப் பிரியும் நிரலுக்கு ஈனம், அதாவது முன்பே சொன்ன சில கிளைகளில் ஒன்றாக மட்டுமே இருக்கும் வகை. பைத்தானில் ஒரு தாய் வகுப்பும் 3 பிள்ளை வகுப்புகளும் இருந்தால், பெரும்பாலும் ரஸ்டில் அது 3 கிளை உள்ள ஈனம் ஆகிவிடும்; எதிர்காலத்தில் வெளியார் புதிய வகைகளைச் சேர்க்கப் போகிறார்கள் என்றால் மட்டும் ட்ரெய்ட், அதாவது பல வகைகளுக்குப் பொதுவான செயல்களின் பட்டியல்.

பிறகு, வேறெந்த ஃபங்ஷனையும் கூப்பிடாத அடிமட்ட ஃபங்ஷன்களை எடுங்கள். நம் நிரலில் ஒரு வரியைப் பிரித்துப் பெயரும் எண்ணும் தரும் ஃபங்ஷன் அப்படிப்பட்டது. அதை மாற்றி, சோதித்து, அடுத்ததற்குப் போங்கள். மேலிருந்து கீழே வந்தால் கடைசி நாள் வரை எதுவும் கம்பைல் ஆகாது.

ஓசையில்லாமல் மாறும் இடங்கள்

இந்தப் பகுதியை மட்டும் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

முழு எண்ணின் அகலம். பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, நினைவகம் உள்ளவரை வளரும். ஐ64-இன் உச்சம் 9,223,372,036,854,775,807. 20-இன் தொடர்பெருக்கம் இதற்குள் அடங்கும். 21-இன் தொடர்பெருக்கம் அடங்காது, குறியற்ற யூ64-இலும் அடங்காது. அடங்காதபோது என்ன ஆகும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சோதனைக்குக் கட்டிய ரஸ்ட் நிரல் அந்த இடத்திலேயே பேனிக் ஆகி, அதாவது பிழைச் செய்தி காட்டி, நிற்கும். பயனருக்காக வேகமாக ஓடும்படி ரிலீஸ் முறையில் கட்டியது, இயல்பான அமைப்பில், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு எதிர்மறை எண்ணைக்கூடத் தரும். உங்கள் மேசையில் பிடிபட்டிருக்க வேண்டியது பயனரிடம் போய் வெடிக்கிறது. மாற்றும் காலம் முழுவதும் ரஸ்டின் கட்டும் கருவியான கார்கோவின் அமைப்புக் கோப்பில் ரிலீஸ் பிரிவிலும் ஓவர்ஃப்ளோ சோதனையை இயக்கி வையுங்கள். வேகம் போதவில்லை என்றால் கடைசியில் எடுத்துவிடலாம்.

வகுத்தலும் மீதியும். பைத்தானில் −7 // 2 என்றால் −4, கீழ்நோக்கி இறக்கும். ரஸ்டில் −7 / 2 என்றால் −3, பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மீதியும் அப்படியே: −7 % 3 பைத்தானில் 2, ரஸ்டில் −1. வட்டமாகச் சுற்றும் குறியெண், கடிகாரக் கணக்கு, கட்டங்களில் பின்னோக்கி நகர்வது என எங்கெல்லாம் மீதி வருகிறதோ அங்கெல்லாம் இது கடிக்கும். டிவ்_யூக்ளிட், ரெம்_யூக்ளிட் என்ற இரண்டைப் போட்டால் தீர்ந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வகுக்கும் எண் நேர்மறையாக இருக்கும் வரை சரி. எதிர்மறையானால் பிசகும்: 7-ஐ −2-ஆல் வகுத்தால் பைத்தான் −4 தரும், யூக்ளிட் −3 தரும்.

பூஜ்யத்தால் வகுத்தல். நம் நிரலில் சராசரி காணும் இடம் இதுதான். ஒருவரின் பெயர் பதிவாகி, எண் தப்பானதால் அவர் வரிகள் எல்லாம் கழிந்துவிட்டால் எண்ணிக்கை 0. பைத்தான் மிதவைப்புள்ளி எண்ணாக இருந்தாலும் உடனே பிழை எறியும். ரஸ்டில் எஃப்64 ஆக இருந்தால் எறியாது; முடிவிலி வரும், அல்லது 0-ஐ 0-ஆல் வகுத்தால் ‘எண் அல்ல’ என்ற மதிப்பு வரும். அந்த மதிப்பு கூட்டலுக்குள் போனால் மொத்தத்தையும் கெடுக்கும். பைத்தான் பிழையை நம்பி எழுதிய நிரல்களில் இந்த இடத்தில் சோதனை இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

முழுமையாக்கல். பைத்தானின் ரவுண்ட் 2.5-ஐ 2 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாயும். ரஸ்டின் ரவுண்ட் 3 ஆக்கும். ரவுண்ட்_டைஸ்_ஈவன் என்பதைப் பயன்படுத்தினால் பைத்தான்போல நடக்கும். இரண்டு தசம இடத்துக்கு என்றால் இன்னும் கவனம். 2.675-ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் பைத்தான் 2.67 தரும், ஏனென்றால் கணினிக்குள் அந்த எண் 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவு. 100-ஆல் பெருக்கி, முழுமையாக்கி, 100-ஆல் வகுக்கும் வழக்கமான குறுக்குவழியில் பெருக்கலின்போதே அது 267.5 ஆகிவிடுகிறது, விடை 2.68. அச்சிட மட்டும் தேவை என்றால், ரஸ்டின் ஃபார்மேட்டில் இரண்டு இடம் என்று சொல்லிவிடுங்கள், 2.67 தான் வரும்.

கூட்டல். பைத்தான் 3.12 முதல், மிதவைப்புள்ளி எண்களைக் கூட்டும் சம் ஃபங்ஷன் இழக்கும் துணுக்குகளையும் கணக்கில் வைத்துக்கொண்டு கூட்டுகிறது. 0.1-ஐ 10 முறை கூட்டினால் 3.12-இல் 1.0, 3.11-இல் 0.9999999999999999. ரஸ்டின் சம் பழைய வழியிலேயே கூட்டும், 0.9999999999999999 தரும். பதிப்பைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். தெரியாதவர்கள் இந்தக் கடைசி இலக்கத்தின் பின்னால் ஒரு முழு நாள் ஓடுவார்கள்.

சரங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கையில் எடுங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. பைத்தானில் லென் கேட்டால் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறியெண்களை எண்ணுகிறது. ரஸ்டில் லென் கேட்டால் 15. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். நம் நிரல் பெயர்ப் பத்தியை 20 இடத்துக்கு நிரப்பி அட்டவணை போடுகிறது என்றால், ஆங்கிலப் பெயர்களில் எல்லாம் ஒழுங்காக வரும், தமிழ்ப் பெயர் வந்ததும் லென் வைத்துப் போட்ட கணக்கு குலையும். முதல் எழுத்தை எடுக்க 0 முதல் 1 வரை என்று ரஸ்டில் வெட்டினால் ‘த’வின் நடுவில் கத்தி விழுந்து நிரல் பேனிக் ஆகும். பைத்தானோடு ஒத்துப்போகக் கார்ஸ் என்பதன் மேல் கவுண்ட் போடுங்கள், 5 வரும். மனிதர் எண்ணுகிற 3 வேண்டுமென்றால் யூனிகோட்-செக்மென்டேஷன் என்ற வெளி லைப்ரரி தேவை. அது பழைய நிரலில் இல்லாத மேம்பாடு என்பதால், பிறகு தனியாகச் செய்யுங்கள்.

சரத்தை எண்ணாக்குதல். பைத்தானின் இன்ட் தாராள மனசுக்காரர். முன்னும் பின்னும் இடைவெளி, வரிமுறிவு இருந்தாலும் ஏற்கும், இலக்கங்களுக்கு நடுவே கீழ்க்கோடு இருந்தாலும் ஏற்கும். ‘௪௨’ என்று தமிழ் எண்களில் எழுதினால்கூட 42 என்று புரிந்துகொள்ளும். ரஸ்டின் பார்ஸ் இவற்றில் எதையும் ஏற்காது. குறைந்தது ட்ரிம் செய்து, ஓர இடைவெளிகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

டிக்‌ஷனரி வரிசை. பைத்தான் 3.7 முதல், டிக்‌ஷனரி சேர்த்த வரிசையைக் காக்கும் என்பது மொழியின் உறுதி. ரஸ்டின் ஹேஷ்மேப் எந்த வரிசைக்கும் பொறுப்பேற்காது; ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வரிசை மாறும். விடை இன்று பொருந்துகிறது, நாளை பொருந்தவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கே. சேர்த்த வரிசை வேண்டுமென்றால் இண்டெக்ஸ்மேப் லைப்ரரி, அகரவரிசை போதுமென்றால் பீ-ட்ரீமேப்.

துண்டு வெட்டுதல். 3 உறுப்புள்ள லிஸ்டில் முதல் 10 கேட்டால் பைத்தான் இருக்கிற 3-ஐத் தரும். ரஸ்ட் பேனிக் ஆகும். ‘முதல் பத்துப் பேர்’ அச்சிடும் இடத்தில் டேக் என்பதைப் பயன்படுத்துங்கள். −1 என்ற குறியெண்ணும் கிடையாது. லாஸ்ட் கேளுங்கள், அது ஆப்ஷனாக வரும்.

பிழைகளும் உடைமையும்

பைத்தானில் பிழை எங்கிருந்து வேண்டுமானாலும் பறந்து வரும். ரஸ்டில் அது ஃபங்ஷனின் கையொப்பத்திலேயே ரிசல்ட் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு ட்ரை தொகுதியையும் பார்த்து, அது உண்மையில் எந்தப் பிழையைப் பிடிக்க எழுதப்பட்டது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் பிடித்து ‘பாஸ்’ என்று விழுங்கும் தொகுதிகள்தான் தொல்லை. நம் நிரலில் காற்புள்ளி இல்லாத வரியை அது விழுங்குகிறதா, எண் தப்பான வரியையா, இரண்டையுமா? முதல் படியில் சேமித்த வில்லங்க உள்ளீடுகள் பதில் சொல்லும். பிழை வந்தால் நிரலையே நிறுத்திவிடும் அன்ராப் போட்டு ஒப்பேற்றுவது முதல் நாளுக்குச் சரி. ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்பு வையுங்கள். பிறகு தேடிப் பிடித்து, பிழையைக் கூப்பிட்ட ஃபங்ஷனுக்கே அனுப்பும் கேள்விக்குறி இயக்கிக்கு மாற்ற வேண்டும்.

ரஸ்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உடைமையாளர்தான். இந்த உடைமை விஷயத்தில் எங்கள் அறிவுரை சிலருக்குப் பிடிக்காது: முதல் சுற்றில் தாராளமாகக் குளோன் செய்யுங்கள், அதாவது நகல் எடுங்கள். விடை பொருந்திய பிறகு, அளந்து பார்த்து, தேவையில்லாத நகல்களை எடுத்துவிடலாம். நகல் எடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பைத்தானில் இரண்டு பெயர்கள் ஒரே லிஸ்டைச் சுட்டி, ஒன்றின் வழியாக மாற்றியது மற்றதிலும் தெரிய வேண்டும் என்று நிரல் நம்பியிருந்தால், குளோன் அந்த இணைப்பை அறுத்துவிடும். கம்பைலர் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், மாற்றம் மட்டும் போய்ச் சேராது. அங்கே நகல் எடுக்காமல், திருத்த அனுமதியோடு இரவல் தரும் மாற்றத்தக்க கடனாக அனுப்புங்கள். ஒன்றையொன்று சுட்டும் மரங்கள், வலைகள் என்றால் எல்லா முனைகளையும் ஒரே வெக்டரில் வைத்து, சுட்டிக்குப் பதிலாகக் குறியெண்ணை வைத்துக்கொள்வது, பகிர்ந்து மாற்ற உதவும் ஆர்சியும் ரெஃப்செல்லும் போட்டுக் கட்டுவதைவிட நிம்மதியானது.

ஆழமாகத் தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன் இருந்தால், பைத்தான் இயல்பாக 1,000 அடுக்கில் பிழை எறியும், அதைப் பிடிக்கலாம். ரஸ்டில் அடுக்கு நிரம்பினால் நிரலே செத்துவிடும். லூப்பாக மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

‘ரஸ்டுக்கு மாற்றினேன், பைத்தானைவிட மெதுவாக இருக்கிறது’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கார்கோவில் ரிலீஸ் என்று சொல்லாமல் கட்டியிருப்பார்கள். இரண்டு, லூப்புக்குள் ஒவ்வொரு வரிக்கும் பிரின்ட்லைன் போட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு முறையும் வெளியீட்டைப் பூட்டித் திறக்கிறது, வரி முடிந்ததும் வெளியே தள்ளுகிறது. வெளியீட்டை ஒரு முறை பூட்டி, எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் பஃப்ரைட்டரில் போர்த்தி எழுதினால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஏஐ கருவிகளிடம் மொத்தமாக மாற்றச் சொல்லலாமா? வரைவுக்குச் சொல்லலாம், ஒரு நேரத்தில் ஒரு ஃபங்ஷன் வீதம். அவை தரும் ரஸ்ட் அழகாகக் கம்பைல் ஆகும். மேலே சொன்ன −7 % 3, 2.5, ‘தமிழ்’, வெற்றுக் கோப்பு நான்கையும் கொடுத்துப் பார்க்காமல் உள்ளே சேர்க்காதீர்கள்.

எல்லாச் சோதனையும் தேறிய பிறகும் பழைய நிரலை உடனே அழிக்க வேண்டாம். உண்மையான உள்ளீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, பைத்தான் விடையையே பயன்படுத்திக்கொண்டு, வேறுபாடுகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதுங்கள். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி என்று தனியாக நடக்கும் வேலைகள் நிரலில் இருந்தால் அவையும் ஒரு முறை நடந்து முடியட்டும். வேறுபாட்டுக் கோப்பில் வரும் ஒவ்வொரு வரியையும் வில்லங்க உள்ளீடுகளோடு சேர்த்துவிட்டு, ரஸ்ட் பக்கம் திருத்துங்கள்; அந்தக் கோப்பு வெறுமையாகவே இருக்கத் தொடங்கியதும் பைத்தானை நிறுத்தலாம்.